பரவிய குடல் புற்றுநோய்: கத்தரி வைப்பதற்கு முன் எடுக்கும் அளவுகள்

சித்தப்பாவுக்கு வியாசர்பாடியில் தையல் கடை. முப்பது வருடத்துக்கு மேலாக அதே தெரு, அதே மிஷின். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்துக்கொண்டு துத்திக்கீரையும் களிம்புமாக எட்டு மாதம் ஓட்டினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 7. அடுத்த வாரம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோபி, அப்புறம் சி.டி. ஸ்கேன். இடப்பக்கப் பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி. கல்லீரலில் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து புள்ளிகள்.

முதலில் போன மருத்துவமனையில் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. "நாலாவது ஸ்டேஜ். கீமோ குடுப்போம், எவ்வளவு நாள் தாங்குதோ பார்ப்போம்." கல்லீரல் அறுவை மருத்துவர் யாரும் அந்த ஸ்கேனைப் பார்க்கவில்லை. கட்டியின் மரபணுப் பரிசோதனை பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கீமோவுக்குத் தேதி. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த சித்தப்பா, "அளவே எடுக்காம துணியில கத்தரி வைக்கிறாங்களேடா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களை இன்னொரு டாக்டரிடம் காட்ட வைத்தது. அப்படி அலைந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதையும், அதற்கப்புறம் மூன்று வருடமாகக் கீமோ ஏற்றும் டே கேர் வார்டு நாற்காலிகளில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்ற வேண்டாம். டாக்டர் அறைக்குள் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

"பரவிடுச்சு" என்றால் என்ன

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்கிற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சாப்பாட்டின் சத்து போகும் வழி அது. கட்டியிலிருந்து கழன்று விழும் புற்றுநோய் செல்களும் அதே வழியில்தான் பயணம் செய்கின்றன. அதனால்தான் பெருங்குடல் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் கல்லீரலில் தெரிகிறது. அடுத்து நுரையீரல். சிலருக்கு ரத்தத்தின் வழியே போகாமல், குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் விதை தூவியதுபோல் வயிற்றுச் சவ்வில் பரவும். நோயைக் கண்டுபிடிக்கும்போதே பரவியிருப்பது உலக அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு.

கல்லீரலில் இருந்தாலும் அது கல்லீரல் புற்றுநோய் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடல் செல்தான். கொடுக்கும் மருந்தும் குடல் புற்றுநோய்க்கான மருந்துதான். சொந்தக்காரர்கள் "கேன்சர் ரெண்டு எடத்துல வந்திருக்கு" என்று சொல்லும்போது இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது.

நாலாவது ஸ்டேஜ் என்ற ஒரே பெயருக்குள் மிக வேறுபட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். கல்லீரலில் ஒரே ஒரு புள்ளி இருப்பவரும் அதில்தான் இருக்கிறார். கல்லீரல், நுரையீரல், வயிற்றுச் சவ்வு எல்லாவற்றிலும் இருப்பவரும் அதில்தான். முதலாமவருக்கு நோயை முழுக்க நீக்குவதைக் குறிவைத்துச் சிகிச்சை செய்யலாம். இரண்டாமவருக்கு ஆயுளை நீட்டிப்பதும் தொந்தரவைக் குறைப்பதும்தான் குறி. ஆக, "எந்த ஸ்டேஜ்" என்பதைவிட "எங்கெங்கே, எத்தனை, எடுக்க முடியுமா" என்ற கேள்விதான் முக்கியம்.

கல்லீரல் டாக்டர் எப்போது பார்க்க வேண்டும்

"கத்தி பட்டா பரவிடும்" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் போகவில்லை. எங்கள் வீட்டிலும் பெரியம்மா அதைத்தான் சொன்னார். ஆனால் பரவிய குடல் புற்றுநோயில் நீண்ட காலம் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் கத்தி பட்டவர்கள்தான். கல்லீரலில் உள்ள புள்ளிகளை முழுவதும் அகற்ற முடிந்தவர்களில், நூற்றுக்கு 40 முதல் 50 பேர் ஐந்து வருடம் கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள். பலருக்கு நோய் திரும்ப வருகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வராமலேயே போய்விடுகிறது. நாலாவது ஸ்டேஜில் "குணம்" என்ற சொல்லைப் பயன்படுத்த முடிகிற புற்றுநோய்கள் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

இது சாத்தியமாவதற்குக் காரணம் கல்லீரலின் சுபாவம். வெட்டினால் மீண்டும் வளர்கிற உறுப்பு அது. நல்ல கல்லீரலாக இருந்தால் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கீமோ பார்த்த கல்லீரலாக இருந்தால் சுமார் 30 சதவீதமாவது மிச்சம் வைத்து, அதை வளரவிடலாம். மிச்சம் போதாது என்று தெரிந்தால் இன்னொரு உத்தி உண்டு. எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் சிரையின் கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். ரத்தமெல்லாம் மறுபக்கம் திரும்பி, சில வாரங்களில் அந்தப் பக்கம் பருக்கும். அப்புறம் அறுவை. சிறிய புள்ளிகளை வெட்டாமல் ஊசி செலுத்திச் சூட்டில் கருக்குவதும் உண்டு. மைக்ரோவேவ் அப்ளேஷன் என்பார்கள். 3 சென்டிமீட்டர் வரையிலான புள்ளிகளுக்கு இது அறுவைக்கு இணையாகவே கட்டுப்படுத்துகிறது, சிக்கல்களும் குறைவு என்று நெதர்லாந்தில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் வலித்த விஷயம் ஒன்று. கல்லீரல் அறுவை மருத்துவர் ஸ்கேனைப் பார்க்க வேண்டியது கீமோ தொடங்குவதற்கு முன். கீமோவெல்லாம் முடிந்து, "இப்ப ஆபரேஷன் பண்ணலாமானு கேட்டுப் பாருங்க" என்று அனுப்புகிறபோது காலம் கடந்திருக்கலாம். மாதக்கணக்கில் கீமோ ஏற ஏறக் கல்லீரலே சேதமடைகிறது. ஒரு மருந்து அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது, இன்னொன்று கொழுப்பைச் சேர்க்கிறது. அது மட்டும் இல்லை. கீமோ நன்றாக வேலை செய்து ஒரு புள்ளி ஸ்கேனில் மறைந்துவிட்டால் நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் மறைந்த இடத்தில் பல நேரம் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருக்கும். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் அறுவை மருத்துவர் தவிப்பார். அதனால் எடுக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கியதும், பொதுவாக இரண்டு மூன்று மாதக் கீமோவிலேயே, அறுவையைப் பற்றி முடிவெடுக்கப் பார்ப்பார்கள். இதற்காகத்தான் பெரிய மருத்துவமனைகளில் ட்யூமர் போர்டு என்று ஒன்று கூடுகிறது. கீமோ டாக்டர், அறுவை டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், ஸ்கேன் பார்க்கிறவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் படங்களைப் பார்ப்பார்கள். "எங்க கேஸை ட்யூமர் போர்டுல வச்சீங்களா சார்?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

கல்லீரல் மாற்று அறுவைகூட இப்போது பேச்சில் வந்திருக்கிறது. கல்லீரலைத் தவிர வேறெங்கும் பரவாத, ஆனால் வெட்டி எடுக்க முடியாத சிலருக்கு, கீமோவோடு மாற்றுக் கல்லீரலும் வைத்தால் என்ன ஆகும் என்று பிரான்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்து 2024-இல் வெளியானது. ஐந்து வருடம் கடந்தவர்கள் மாற்று அறுவைக் குழுவில் 57 சதவீதம், கீமோ மட்டும் எடுத்த குழுவில் 13 சதவீதம். ஆனால் சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான் அது. சென்னையில் கல்லீரல் மாற்று நிறைய நடக்கிறது என்பதால் பலர் இதைக் கேட்கிறார்கள். கேட்கலாம், ஆனால் மிகச் சிலருக்கே பொருந்தும்.

நுரையீரலில் ஓரிரு புள்ளிகள் என்றால் அவற்றையும் வெட்டலாம், அல்லது கூர்மையாகக் குவித்த கதிர்வீச்சால் நாலைந்து அமர்வுகளில் சுடலாம். வயிற்றுச் சவ்வில் பரவினால் கதை கடினம். தேர்ந்த அறுவை மருத்துவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து சவ்வில் தெரியும் கட்டிகளையெல்லாம் உரித்தெடுப்பார். சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே சுழலவிடும் ஹைபெக் என்ற முறையும் கூடவே விளம்பரமாகிறது. ஆனால் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வில் அந்தச் சூடான கீமோவைச் சேர்த்ததால் ஆயுள் கூடவில்லை. நன்மை தந்தது முழுமையாக உரித்தெடுத்த அறுவைதான். பெரிய பில்லுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோய் தொடங்கிய குடல் கட்டியை முதலில் எடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. பரவியதை எடுக்க முடியாது, குடல் கட்டியாலும் தொந்தரவு இல்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டுக் கீமோ தொடங்கலாம். ஜப்பானில் இதை ஆய்ந்து பார்த்து, முன்கூட்டியே வெட்டியதால் ஆயுள் கூடவில்லை என்று கண்டார்கள். அடைப்போ, நிற்காத ரத்தப்போக்கோ இருந்தால் வேறு. அப்போது அறுவை செய்வார்கள், அல்லது அடைப்பைத் திறந்து வைக்க உள்ளே ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைப்பார்கள், அல்லது மலம் வெளியேற வயிற்றில் வழி திறந்து பை கட்டுவார்கள்.

பாரஃபின் கட்டையில் எழுதியிருப்பது

கொலோனாஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டையாக லேபில் வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். அந்தக் கட்டைதான் நோயாளியின் சொத்து. அதைக் கேட்டு வாங்கி இன்னொரு லேபுக்கு அனுப்பலாம். நாங்கள் கேட்டபோது முதல் மருத்துவமனையில் "தேடிப் பார்க்கிறோம்" என்று நாலு நாள் இழுத்தார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எம்எம்ஆர். செல் தன் மரபணுவை நகலெடுக்கும்போது விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. செலவு குறைவு, சாதாரண நோய்க்குறியியல் லேபிலேயே செய்யலாம். திருத்தும் புரதம் இல்லாத கட்டிகளில் பிழைகள் குவிந்து கிடக்கும். அதை எம்எஸ்ஐ-ஹை என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். நாலாவது ஸ்டேஜில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் இப்படி. ஆனால் அந்த நாலைந்து பேருக்கு வழியே வேறு. பிழைகள் நிறைந்த செல்லை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி எளிதில் அந்நியன் என்று அடையாளம் காண்கிறது. அந்தச் சக்திக்குப் புற்றுக்கட்டி போட்டிருக்கும் தடையை மட்டும் நீக்கிவிட்டால் போதும். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை முதல் சிகிச்சையாகவே கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோய் வளராமல் இருந்த காலம் 16.5 மாதம், கீமோவில் 8.2 மாதம். அமெரிக்கா 2020-இல் அனுமதித்தது. நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பின்னைய ஆய்வில் இரண்டு வருடம் கழித்தும் 72 சதவீதம் பேருக்கு நோய் வளரவில்லை, கீமோவில் அது 14 சதவீதம். சிலருக்கு வருடக்கணக்கில் அடங்கிவிடுகிறது.

மீதி 95 பேருக்கு இதே மருந்து ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். "இம்யூனோதெரபி குடுத்துப் பார்க்கலாமே" என்று நகையை அடகு வைத்துக்கொண்டு வந்தவர்களை டே கேரில் பார்த்திருக்கிறேன். எம்எம்ஆர் ரிப்போர்ட் இல்லாமல் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

எம்எம்ஆர் குறை சிலருக்குப் பிறப்பிலேயே வருவது. லின்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அப்படியென்றால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மரபணுச் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு இளவயதிலிருந்தே கொலோனாஸ்கோபி தொடங்க வேண்டும். ஒருவருடைய ரிப்போர்ட் ஒரு குடும்பத்தையே காப்பாற்றக்கூடும்.

அடுத்தது ராஸ். கே-ராஸ், என்-ராஸ் என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும். இருந்தால் செடுக்சிமாப், பனிடுமுமாப் என்ற இலக்கு மருந்துகள் பயன்தராது. செல்லின் வாசலில் இருக்கும் சுவிட்சை அணைக்கும் மருந்துகள் அவை. உள்ளே வயரிங்கே ஷார்ட் ஆகி எரிந்துகொண்டிருந்தால் வாசல் சுவிட்சை அணைத்து என்ன ஆகப்போகிறது? ராஸ் மாற்றம் இல்லை, கட்டியும் இடப்பக்கக் குடலில் என்றால் இந்த மருந்துகள் கீமோவோடு நன்றாகச் சேரும். ஜப்பானில் நடந்த ஆய்வில் இடப்பக்கக் கட்டிக்காரர்களின் சராசரி ஆயுள் 37.9 மாதம் வரை போனது. வலப்பக்கக் கட்டிக்கு அந்த நன்மை இல்லை. ஒரே குடல்தான், ஆனால் கருவில் வலப்பக்கமும் இடப்பக்கமும் வெவ்வேறு பகுதிகளிலிருந்து உருவாகின்றன. கட்டியும் அந்தக் குணத்தோடுதான் வருகிறது.

பிராஃப் வி600ஈ என்ற மாற்றம் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேருக்கு. நோய் வேகமாகப் போகும் வகை இது. எங்களோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஆரணிக்கார அக்காவுக்கு அதுதான். இப்போது என்கோராஃபெனிப் மாத்திரையும் செடுக்சிமாபும் கீமோவும் சேர்த்து முதலிலேயே கொடுக்கும் சிகிச்சையை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்திருக்கிறது. அந்த ஆய்வில் நோய் வளராத காலம் 7.1 மாதத்திலிருந்து 12.8 மாதமாகக் கூடியது. அக்காவின் காலத்தில் அது வந்திருக்கவில்லை.

ஹெர்-2, கே-ராஸ் ஜி12சி ஆகிய மரபணு மாற்றங்கள் இன்னும் அரிது. நூற்றுக்கு மூன்று நாலு பேருக்கு. அவற்றுக்கும் இப்போது தனி மருந்துகள் உண்டு, பெரும்பாலும் முதல் கீமோ ஓய்ந்த பிறகு.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நோயாளி தளர்ந்து போய்க்கொண்டிருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. கீமோவைத் தொடங்கிவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் இலக்கு மருந்தைச் சேர்த்துக்கொள்வார்கள். பிளாக்கை அனுப்பிவிட்டுத் தொடங்க வேண்டும், அதுதான் முக்கியம்.

விரல்களைப் பற்றி ஒரு கேள்வி

சித்தப்பாவின் ரிப்போர்ட்: எம்எம்ஆர் சரியாக இருக்கிறது, கே-ராஸ் மாற்றம் இருக்கிறது. ஆக, இம்யூனோதெரபியும் இல்லை, செடுக்சிமாபும் இல்லை. கீமோவும் பெவாசிசுமாப் என்ற இலக்கு மருந்தும்தான்.

கீமோவின் முதுகெலும்பு 1957-லிருந்து இருக்கும் 5-எஃப்யூ என்ற பழைய மருந்து. அதனோடு ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்தால் ஃபோல்ஃபாக்ஸ், இரினோடெக்கான் சேர்ந்தால் ஃபோல்ஃபிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டு, 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் சின்னப் பம்ப்பை இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். நெஞ்சில் தோலுக்கடியில் மருந்து ஏற்றுவதற்கான கீமோ போர்ட் என்ற சின்ன வாசலை வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நரம்பு தேட வேண்டியதில்லை. பம்ப் வேண்டாம் என்றால் கேப்சிடாபின் மாத்திரை, 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு. அதில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும்.

இரினோடெக்கானின் மூலப்பொருளை 1966-இல் சீன மரம் ஒன்றின் பட்டையிலிருந்து பிரித்தவர்கள் மன்றோ வால், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி. அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் இருக்கிறது. டே கேரில் இதைச் சொன்னபோது சித்தப்பா சொட்டிறங்கும் பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கூட்டணிக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கவிளைவுதான் வேறு. ஆக்சாலிபிளாட்டின் விரல் நுனி நரம்புகளைத் தாக்கும். மருந்து ஏறிய சில நாள் குளிர்ந்தது எதைத் தொட்டாலும் ஊசி குத்தும். சித்திரை வெயிலிலும் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது, மோரைக்கூடக் குளிர்ச்சி போன பிறகுதான் குடிக்க வேண்டும். அது போய்விடும். ஆனால் மாதங்கள் ஏற ஏற வரும் மரத்துப்போதல் சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும், சிலருக்குப் போகவே போகாது. இரினோடெக்கான் வயிற்றுப்போக்கைத் தரும், முடி கொட்டும்.

இரண்டாவது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்பதுதான். தையல் என்றதும் பேனாவை வைத்துவிட்டார். பொத்தான் துளை போடும் விரலுக்கு ஆக்சாலிபிளாட்டின் வேண்டாம், ஃபோல்ஃபிரியில் தொடங்கலாம் என்றார். சலூன் வைத்திருப்பவர், தவில் வாசிப்பவர், தட்டச்சு செய்பவர், பூக்கட்டுகிறவர் யாராக இருந்தாலும் இதைத் தாங்களாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எல்லா டாக்டரும் கேட்க மாட்டார்கள்.

பெவாசிசுமாப் கட்டிக்குப் புது ரத்தக் குழாய் முளைக்காமல் தடுக்கும். ரத்த அழுத்தம் ஏறும், காயம் ஆறத் தாமதமாகும். அதனால் அறுவைக்குச் சுமார் ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர்கள், அதாவது மூல மருந்துக்கு நிகரான மாற்று மருந்துகள், வந்தபிறகு இதன் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்: கீமோ காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் உடலில் தொற்று மணிக்கணக்கில் முற்றிவிடும். முதல் சுற்றிலேயே வாய் முழுக்கப் புண்ணும் நிற்காத வயிற்றுப்போக்கும் வந்தால், 5-எஃப்யூவை உடைக்கும் நொதி குறைவாக இருக்கலாம். அதையும் உடனே சொல்ல வேண்டும். சித்த மருந்து, கஷாயம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கல்லீரல் ஒன்றுதான் இருக்கிறது.

முதல் கூட்டணி ஓய்ந்தால் மற்றதற்கு மாறுவார்கள். அதுவும் ஓய்ந்தால் டிரைஃப்ளூரிடின்-டிபிராசில் மாத்திரையைப் பெவாசிசுமாபோடு கொடுப்பார்கள். மாத்திரை மட்டும் கொடுத்ததில் 7.5 மாதமாக இருந்த சராசரி ஆயுள், இரண்டும் சேர்ந்ததில் 10.8 மாதமானது. ரெகோராஃபெனிப், ஃப்ரூகுவின்டினிப் ஆகியவையும் இந்தக் கட்டத்துக்கானவை. இவை ஆயுளைக் கூட்டுவது மாதக் கணக்கில்தான் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இந்த "சராசரி" மாதங்களைக் கேட்டுப் பயந்துபோய் வீட்டுக்கு வருகிறவர்கள் அதிகம். 5-எஃப்யூ மட்டும் இருந்த காலத்தில் அது ஒரு வருடம். இன்று ஆய்வுகளில் சுமார் 30 மாதம். அதன் பொருள் பாதிப்பேர் அதற்கு மேல் இருந்தார்கள் என்பது. யார் எந்தப் பாதி என்பதை அந்த எண் சொல்வதில்லை.

பணம், ஊர், பயணம்

1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், டாக்டர் சாந்தா அங்கேயே வாழ்ந்து வளர்த்த இடம், இன்றும் பணமில்லாதவர்களும் தயங்காமல் போகும் கதவு. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, ஓமந்தூரார் வளாகத்து பல்நோக்கு மருத்துவமனை ஆகியவற்றிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் எல்லா மருந்தும் அதில் வந்துவிடாது. "இந்தச் சிகிச்சைல எது காப்பீட்டுல வரும், எது கையிலேர்ந்து?" என்று காப்பீட்டு மேசையில் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் கட்டணச் சலுகையும் உண்டு. சித்தப்பா அதைப் பயன்படுத்தவில்லை, 29சி பஸ்ஸே போதும் என்றுவிட்டார்.

வலி

ஆரணி அக்காவுக்கு வயிற்றுச் சவ்வில் பரவியிருந்தது. மூன்றாவது மருந்தும் கேட்கவில்லை. அவர் கணவர் டாக்டரைத் தனியாகப் பார்த்து, "அவகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று கெஞ்சினார். அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அவரு தாங்க மாட்டாரு, நீ சொல்லிடாத தம்பி" என்று என்னிடம் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு பேசாமலே இருந்தார்கள்.

வலி தணிப்புச் சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் கொள்கிறோம். அது கீமோவோடு கூடவே, முதல் நாளிலிருந்தே நடக்கலாம். வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை, பயம் எல்லாம் அவர்கள் வேலை. வாய்வழி மார்ஃபின் சொட்டு அல்லது மாத்திரை, சரியான அளவில், புற்றுநோய் வலிக்கு மிகச் சிறந்த மருந்து. நேரத்துக்கு எடுத்தால் ஆளை மயக்கிப் போடாது, ஆயுளையும் குறைக்காது. கூடவே மலமிளக்கி வேண்டும், அவ்வளவுதான். போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் முன்பு இது கிடைக்காமல் எத்தனையோ பேர் துடித்தார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தரும் நர்சுகள் இருக்கிறார்கள். அக்காவின் கடைசி ஆறு வாரம் ஆரணியில், அவர் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில், வலியில்லாமல் கழிந்தது. கடைசியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களாம். அவர் கணவர் போனில் சொன்னார்.

சித்தப்பாவுக்கு ஆறு சுற்றுக் கீமோவில் கல்லீரல் புள்ளிகள் நன்றாகச் சுருங்கின. மூன்றை வெட்டினார்கள், இரண்டைச் சுட்டார்கள், குடல் கட்டியையும் எடுத்தார்கள். பதினாலு மாதம் கழித்து நுரையீரலில் ஒரு புள்ளி. கதிர்வீச்சில் அடங்கியது. போன ஆவணியில் எடுத்த ஸ்கேனில் இன்னும் இரண்டு, கடுகளவு. டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெதுவாகத்தான் வளர்கிறது என்றார். மறுபடி கீமோ தொடங்கலாம், அல்லது எட்டு வாரம் பொறுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டும் முடிவெடுக்கலாம், இரண்டுமே தப்பில்லை என்றார். சித்தப்பா கையில் எழுபது தீபாவளி உருப்படி இருப்பதாகச் சொன்னார். டாக்டர் தீபாவளிக்கு மறுவாரம் புதன்கிழமை என்று ஃபைலில் தேதி எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சௌகார்பேட்டையில் இறங்கி, லைனிங் துணியும் இரண்டு டப்பா பொத்தானும் வாங்கிக்கொண்டார்.